கட்சியோடு பதவியையும் விட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கட்சி மாறியவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பண்ருட்டி எஸ். ராமச்சந்திரனின் பெயரும் அதில் அடிபடுகிறது. தி.மு.க.வில் தொடங்கி, எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் மின்துறை அமைச்சராக இருந்து, பின்னர் பா.ம.க.வுக்குச் சென்று, 1991-ல் அக்கட்சியின் ஒரே சட்டமன்ற உறுப்பினராக யானை மீதேறிப் பேரவைக்கு வந்து, அதன்பின் தனிக்கட்சியும் நடத்தி, தே.மு.தி.க.வில் அவைத்தலைவரானவர் அவர். இத்தனை மாற்றங்களுக்கும் கொள்கைதான் காரணம் என்று வாதிட நான் வரவில்லை.

ஆனால் ஆலந்தூர் வாக்காளன் என்ற முறையில் ஒன்றைப் பதிவு செய்தாக வேண்டும். 2011-ல் தே.மு.தி.க. சார்பில் எங்கள் தொகுதியில் வென்ற அவர், 2013 டிசம்பரில் அக்கட்சியை விட்டு விலகியபோது சட்டமன்ற உறுப்பினர் பதவியையும் சேர்த்தே துறந்தார். அரசியலிலிருந்து ஒதுங்குவதாக அப்போது சொன்னவர் சில மாதங்களிலேயே அ.தி.மு.க.வில் சேர்ந்தது எனக்கு வருத்தம்தான். இருந்தாலும், 2014 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் எங்கள் பிரதிநிதி யார் என்பதை நாங்களே மீண்டும் முடிவு செய்தோம்.

தே.மு.தி.க.வின் வேறு தொகுதி உறுப்பினர்கள் நடந்துகொண்ட விதத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அ.தி.மு.க.வுடனான கூட்டணி முறிந்தபின், 2012 முதல் ஒருவர் பின் ஒருவராக முதல்வரைச் சந்தித்து ஆளுங்கட்சிக்கு ஆதரவாகச் செயல்பட்ட எட்டுப் பேர், பேரவையின் ஆயுள் முடிய ஏறத்தாழ மூன்று மாதங்களே இருந்த 2016 பிப்ரவரியில்தான் பதவி விலகினார்கள். அதனால் எதிர்க்கட்சித் தலைவர் பதவியை விஜயகாந்த் இழந்தார்; அந்தத் தொகுதிகளின் வாக்காளர்களுக்கோ இடைத்தேர்தல் என்ற வாய்ப்பே கிடைக்கவில்லை.

1985-ல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தும் இந்த நிலை நீடிப்பதற்கு, தகுதிநீக்க மனுக்களின் மீது பேரவைத் தலைவர் எப்போது முடிவெடுக்க வேண்டும் என்று அச்சட்டம் காலக்கெடு விதிக்காததே முக்கியக் காரணம். மணிப்பூர் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் கட்சித்தாவல் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிய மூன்று மாத வரம்பை, அச்சட்டம் இடம்பெற்றுள்ள அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையிலேயே சேர்க்க நாடாளுமன்றம் முன்வர வேண்டும்.

அதுவரை தங்கள் நாளிதழ் ஓர் உதவி செய்யலாம். வேட்பாளர் அறிமுகத்தில் கல்வி, சொத்து, வழக்கு விவரங்களை வெளியிடும்போது, கட்சி மாறியவர் என்றால் அந்தச் சமயத்தில் வகித்த பதவியைத் துறந்தாரா என்பதையும் ஒரு வரி சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆலந்தூர் வாசகர் ஒருவர்,
சென்னை.