ஒதுங்குவதற்கு அது என்ன பஸ் ஸ்டாப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு மூத்த குணச்சித்திர நடிகரைப் பற்றிய கட்டுரை படித்தேன். அதில் 'சினிமா வாய்ப்பு குறையவே சின்னத்திரையில் ஒதுங்கினார்' என்று ஒரு வரி. ஒதுங்குவதற்கு அது என்ன, மழைக்கு நின்ற பஸ் ஸ்டாப்பா? போதாக்குறைக்குப் பெட்டிச் செய்தியில், 'விருதுகள்: குறிப்பிடும்படி இல்லை.'

பதினோரு வருடம் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவில் இருந்தவன் நான். சின்ன வேஷம் கிடைத்தால் நடிப்பேன், இல்லாவிட்டால் பிராம்டிங், அதாவது திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள் எங்கள் கதாநாயகருக்குத் தொண்டை அடியோடு கட்டிக்கொண்டது. வேடமோ, வீடே அதிரக் கத்தும் அப்பா. மனிதர் அன்று அடிக்குரலிலேயே பேசினார். அந்த அப்பாவைப் பார்க்க எங்களுக்கே பயமாக இருந்தது. குரல் சரியான பிறகும் அப்படியேதான் நடித்தார். பார்த்தவர்கள் நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். அதற்கு எந்தக் கமிட்டி விருது தரும்? எனக்கும் ஒரு போட்டியில் ஷீல்டு கிடைத்தது. பெயரைத் தப்பாகப் பொறித்திருந்தார்கள், அது வேறு கதை.

விருதுக் கணக்கு தங்களுக்குத் தெரியாததல்ல. தேசிய விருதில் சிறந்த நடிகர் என்ற பிரிவே 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். சிவாஜியின் முதல் படமான பராசக்தி வந்தது 1952இல். கெய்ரோ திரைப்பட விழாவில் 1960இலேயே அவரைச் சிறந்த நடிகர் என்றார்கள். டெல்லியிலிருந்து அந்தப் பட்டம் கடைசிவரை வரவில்லை. ஆனால் 'சிவாஜி' என்ற பெயரே நாடக மேடையில் பெரியார் கொடுத்ததுதானே! துணை நடிகர் விருது 1984ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் தொடங்கியது. 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷின் தருமி 1965, 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி 1968. இருவருக்கும் அந்த விருது பிற்பாடு வேறு படங்களுக்குக் கிடைத்தது, சரி. தருமிக்கும் ரமாமணிக்கும் கொடுக்க அன்று விருதே இல்லை. தங்கள் பெட்டியில் இவர்களையும் 'குறிப்பிடும்படி இல்லை' என்றுதான் போட்டிருப்பீர்களோ?

சின்னத்திரை கதை இன்னும் மோசம். 2009 முதல் 2013 வரைக்கான மாநில அரசின் சின்னத்திரை விருதுகளை 2022 செப்டம்பரில்தான் கொடுத்தார்கள். அன்று மருமகளாக நடித்தவர் அதற்குள் மாமியார் வேடத்துக்கே வந்திருப்பார். காலையில் கையில் திணிக்கும் வசனத்தை மாலைக்குள் பேசி அழுது முடிப்பவர்களைப் பார்த்துத்தான் 'ஒதுங்கினார்' என்கிறீர்கள். ஒருநாள் படப்பிடிப்புக்குத் தங்கள் நிருபரை அனுப்பிப் பாருங்கள்.

தங்கள் இதழில் இது புதிதும் அல்ல. முன்பு ஒரு நாடகக்காரர் மறைந்தபோது 'பிரபல நடிகரின் நண்பர் காலமானார்' என்று தலைப்பு வைத்தீர்கள். அப்போதும் எழுதினேன். அந்தக் கடிதம் எந்தக் கூடைக்குப் போனதோ!

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஓர் ஓரமாக, அவர் இருந்த நாடகக் குழு, நடித்த நாடகங்கள், சீரியல்கள் ஆகியவற்றின் பெயர்களைப் போடுங்கள். அவரிடமே கேட்டால் சொல்லப் போகிறார். இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் வீட்டு நாய்க்குட்டிக்கு அரைப்பக்கம் கிடைத்ததே.

இப்படிக்கு,
ஒரு பழைய பிராம்டர்