வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் 9 நடந்தன, 3 மழையில் போயின. நூலக வார விழா வழக்கம்போல நடந்தது.

சனிக்கிழமை படப்புத்தக நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எழுத்தே அதிகம் இல்லாத புத்தகத்துக்கு இவ்வளவு காசா என்று போன பொதுக்குழுவில் கேட்டீர்கள். ஜூலையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி டிராயிங் நோட்டைக் கொண்டுவந்தாள். மாட்டுக்கு மஞ்சள் அடித்திருந்தாள், அதன் குறுக்கே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. நான் ஒன்றும் சொல்லாமல் படப்புத்தக ஓவியர் எரிக் கார்லின் நீலக் குதிரைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். நீலக் குதிரை, சிவப்பு முதலை என்று புரட்டிக்கொண்டே வந்தவள், மஞ்சள் மாட்டைப் பார்த்ததும் விரலை அதன் மேல் வைத்தாள், வெகுநேரம் எடுக்கவே இல்லை. 1911இல் நீலக் குதிரை வரைந்த ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க்குக்குக் காணிக்கையாக 2011இல் கார்ல் செய்த புத்தகம் அது. கார்ல் ஜெர்மனியில் பள்ளிக்கூடம் போன காலத்தில், நாஜிகள் ஒதுக்கிவைத்த ஓவியங்களின் அச்சுப்படங்களை ஓவிய ஆசிரியர் ஒருவர்தான் ரகசியமாக அவருக்குக் காட்டியிருக்கிறார். ஒரு பிள்ளைக்கு அப்படி ஒருவர் போதும்.

விலை அதிகம் என்று சொன்ன இன்னொன்று, சென்னை தாரா புக்ஸ் பதிப்பகத்தின் கோண்டு பழங்குடி ஓவிய மரங்கள் புத்தகம். கறுப்புத் தாளில் ஒவ்வொரு நிறமாகக் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்ட் போட்டது. பிள்ளைகள் மையைத் தடவிப் பார்த்தார்கள், முகர்ந்தும் பார்த்தார்கள். அடுத்த வாரம் யாருமே மரத்துக்குப் பச்சை அடிக்கவில்லை.

உதவிக்கு வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் 8 பேர், தொடர்ந்து வந்தவர்கள் 2 பேர். 46 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 17 பேர்தான். போன் செய்தால் அடுத்த மாதம் என்கிறார்கள், சரி என்று வைத்துவிடுகிறேன், ஆனால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கணக்கைப் பொருளாளர் வைத்திருக்கிறார். வரவுக்கும் செலவுக்கும் ஏறக்குறைய சரியாகிவிட்டது, கையிருப்பு சொற்பம். இடம் கொடுத்த நூலகருக்கும் பாய் கொடுத்த கல்யாண மண்டபத்தாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே செயலாளராக இருப்பேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. யார் வந்தாலும் சனிக்கிழமையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கிழிந்த 4 புத்தகங்களை பைண்டிங் செய்ய வேண்டும், கிரேயான் தீர்ந்துவிட்டது. ரசீது புத்தகம் இன்று மேசை மேலேயே இருக்கிறது.