திரைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சந்தா கட்டிய உறுப்பினர்களே, கட்டவிருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

மாதத் திரையிடல்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் ஒன்று தள்ளிப்போனது. குறும்படப் பயிற்சி முகாம் நடந்தது. நூலகத்துக்குப் புது அலமாரி வந்தது.

இவ்வாண்டின் முக்கியப் பணி, கவனிக்காமல் விடப்பட்ட ஒரு படத்துக்குப் பார்வையாளர் கருத்தை முறையாகத் திரட்டியது. பாலாஜி மோகன் இயக்கிய ‘வாயை மூடி பேசவும்’ (2014). “யாருக்கும் நினைவில்லாத படத்துக்கு மண்டப வாடகையா?” என்று செயற்குழுவில் ஒரு கேள்வி எழுந்ததால், பதிலைப் பதிவில் வைக்கிறேன். துல்கர் சல்மானின் முதல் தமிழ்ப் படம். கூடவே மலையாளத்திலும் எடுக்கப்பட்டது. பேச்சைப் பறிக்கும் வைரஸ் ஒரு மலையூரில் பரவ, பேசுவதற்கே அரசு தடை போடுகிறது. வாயை வைத்துப் பிழைக்கும் விற்பனைப் பிரதிநிதி துல்கருக்கும், அளந்து பேசும் டாக்டராக வரும் நஸ்ரியாவுக்கும் காதல். படத்தின் பின்பாதி ஏறக்குறைய வசனமே இல்லாமல் ஓடுகிறது. வசனம்தான் நகைச்சுவை என்று பழகிய நமக்கு இது புதிது.

வசனமில்லாத படம் மண்டபத்தின் குறைகளையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். ஒத்திகையில் ஒலிபெருக்கி ‘ம்ம்ம்’ என்று இரைந்தது. லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் வேறொரு பிளக்கிலும் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் ஆடியோ வயர் வழியே இரைச்சலாக வரும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டியதும் நின்றது. ஆறு சேனல் கொண்ட 5.1 ஒலியை இரண்டு ஸ்பீக்கரில் விடும்போது பிளேயரில் ‘ஸ்டீரியோ’ வைக்க வேண்டும். மறந்தால் நடு சேனலில் உள்ள வசனம் அமுங்கி, ஷான் ரோல்டனின் இசை மட்டும் முழங்கும். மின்விசிறிகளை இடைவேளைக்குப் பிறகு பாதி வேகத்தில் வைத்தோம். வியர்த்தது என்ற புகார் வந்தது; ஏற்கிறேன், ஆனால் மாற்ற மாட்டேன்.

கருத்துச் சீட்டு: ஏ4 தாளில் கால்பாகம், கூடவே ஒரு பென்சில். பெயர் எழுத வேண்டாம். “படம் எப்படி?” என்று கேட்டால் “சூப்பர்” என்றுதான் வரும். ஆகவே கேள்விகள் மூன்று: எங்கே சிரித்தீர்கள், எங்கே செல்போனை எடுத்தீர்கள், எந்தப் பாத்திரத்தை வெட்டலாம்? முன்பாதிச் சீட்டை இடைவேளையிலும் மற்றதைப் படம் முடிந்த கையோடும் வாங்கிவிட வேண்டும். கலந்துரையாடலுக்குப் பின் கொடுத்தால், முதலில் மைக் பிடித்தவரின் கருத்தே எல்லாச் சீட்டிலும் இருக்கும்.

வந்த கருத்துகள் சுவையானவை. ரோபோ சங்கரின் குடிகாரர் சங்கமும் படத்தில் வரும் ‘நியூக்ளியர் ஸ்டார்’ என்ற நடிகரின் ரசிகர்களும் மோதும் பகுதியில் சிரித்ததாகவும், அதையே வெட்டலாம் என்றும் ஒரே கையெழுத்தில் சீட்டுகள் உண்டு. கிளைக்கதைகள் காதலுக்கு இடம் விடவில்லை என்பது பரவலான குறை. எனக்கும் அதில் உடன்பாடே. பெண்கள் பலர் மதுபாலாவின் பாத்திரத்தைக் குறிப்பிட்டு எழுதியிருந்தனர். காதலர்களைவிட அந்த இல்லத்தரசியின் மௌனமே அவர்களுக்குப் பட்டிருக்கிறது. சுகாதார அமைச்சராக வரும் பாண்டியராஜனுக்கும் நல்ல வரவேற்பு. முகக்கவசக் காட்சிகளை 2014-இல் பார்த்தவர்கள் கேலியாக எடுத்துக்கொண்டார்களாம். 2020-க்குப் பிறகு சிரிப்பு தொண்டையில் நிற்கிறது என்று ஒரு சீட்டு.

இனி வருத்தத்துக்குரிய செய்தி. வாட்ஸ்அப் குழுவில் ‘கட்டாயம் வருகிறேன்’ என்று கட்டைவிரல் உயர்த்தியவர்களில் பலரை மண்டபத்தில் காணவில்லை. சிலர் இடைவேளையில் வடையோடு விடைபெற்றனர். அதாவது, எந்தப் பாதிக்காக இந்தப் படத்தைத் தேர்ந்தோமோ அதைப் பார்க்காமலே, மறுநாள் குழுவில் “சுமார்” என்று தீர்ப்பு எழுதினார்கள். அவர்களிடமிருந்து பின்பாதிச் சீட்டு வரவில்லை. சந்தாவும் வரவில்லை.

வரவு செலவு: சந்தா, நன்கொடை ஆகியவை வரவு, மண்டப வாடகை, திரையிடல் உரிமை, ஒலி, சிற்றுண்டி ஆகியவை செலவு. கையிருப்பு சிறிதளவு. விவரம் பொருளாளரிடம் உள்ளது. தணிக்கை நடைபெற்று வருகிறது.

மண்டபம் தந்தவர்களுக்கும், ஒலி அமைப்பாளருக்கும், பாய் விரித்த இளைஞர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டிலும் இப்படிப் படங்களைத் திரையிட எண்ணம் உண்டு. உரிமைத்தொகையை முன்கூட்டியே கட்டினால்தான் எழுத்து மூலம் அனுமதி கிடைக்கும். பாக்கிச் சந்தா வந்தால்தான் கட்ட முடியும். செயலாளர் பொறுப்பை ஏற்க விரும்புவோர் தாராளமாகப் பெயர் கொடுக்கலாம். சீட்டுக் கட்டையும் எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் அவரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். இன்று ரசீதுப் புத்தகம் வாசலருகே, தேநீர் மேசைக்கு முந்தைய மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்