வளர்ந்தவரையும் தாக்கும் சிறுமூளைக் கட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில் சிறுவர்களின் மூளைக்கட்டிகள் பற்றி வெளிவந்த கட்டுரையை எங்கள் வீட்டில் இரண்டு தரம் வாசித்தோம். சிறுமூளையில் தோன்றும் புற்றுக்கட்டியான மெடுலோபிளாஸ்டோமா பற்றி அதில் சொல்லப்பட்டவை சரியானவையே. ஆயினும், அது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய நோய் என்ற எண்ணத்துடன் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் தம்பிக்கு அந்த நோய் வந்தபோது வயது 31.

விடியற்காலையில் தலையிடியுடன் எழும்புவான். சத்தி எடுத்ததும் இடி தணிந்துவிடும், வேலைக்குப் போய்விடுவான். முதலில் பீனிசம் என்று மருந்து தந்தார்கள், பிறகு கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். இரண்டு மாதம் செல்வதற்குள், சிறு வயதிலிருந்து போய்வந்த எங்கள் படலைக்குள் சைக்கிளைத் திருப்பும்போது இடப்பக்கத் தூணில் மோதத் தொடங்கினான். தேநீர்க் கோப்பைக்காக நீளும் இடக்கை, கோப்பையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தே அதைப் பிடிக்கும். ஒழுங்கையில் அவன் தள்ளாடுவதைக் கண்டவர்கள் குடிக்கிறான் என்று கதைத்தார்கள். அவன் கழற்றிப் போட்ட சேட்டை அம்மா எடுத்து முகர்ந்து பார்த்ததை நான் கண்டேன். அதைச் சொல்லி அம்மா இன்றும் அழுகிறார்.

சிறுமூளையின் இடப்பாதி உடலின் இடப்பக்கத்தையே நெறிப்படுத்துகிறது என்பதையும், பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சிறுமூளையின் நடுவில் தோன்றும் இக்கட்டி வளர்ந்தோருக்குப் பக்கப் பாதியில் வருவதே அதிகம் என்பதையும் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் அறிந்தோம். வளர்ந்தோரின் மூளைக்கட்டிகளில் இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வந்தால் பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், உழைக்கும் பருவத்தில் வருகிறது. 1925இல் பெய்லி, குஷிங் ஆகிய அமெரிக்க வைத்தியர்கள் இருவரும் இதற்குப் பெயரிட்டு நூறு ஆண்டுகள் ஆகியும், அரிதாக இருப்பதாலேயே வளர்ந்தோருக்கான சிகிச்சையில் பெரும்பகுதி பிள்ளைகளிடம் கண்ட அனுபவத்திலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கிறது. பிள்ளைகள் தாங்கும் மருந்தளவை வளர்ந்தவரின் உடல் பல வேளைகளில் தாங்குவதில்லை. தம்பியின் விரல்கள் மரத்து, இரத்த அணுக்கள் குறைந்து, இரண்டு முறை மருந்தை நிறுத்த வேண்டியிருந்தது. ஆகவே பிள்ளைகளின் புற்றுநோய் வைத்தியர்களும் பெரியவர்களுக்கான வைத்தியர்களும் இத்தகைய நோயாளிக்காக ஒன்றாக அமர்ந்து பேசுவது மிகவும் அவசியம்.

இக்கட்டி மூளையையும் முள்ளந்தண்டையும் சூழ்ந்த நீரின் வழியே பரவக்கூடியது. கட்டியை அகற்றியவுடன் வேலை முடிந்தது என்று வீடு திரும்பிவிட முடியாது. முள்ளந்தண்டு முழுவதையும் படம் பிடித்து, நாரியில் ஊசி ஏற்றி நீரையும் எடுத்துப் பார்த்து, தலைக்கும் முள்ளந்தண்டுக்கும் கதிர்ச் சிகிச்சை அளிக்க வேண்டும். அதற்காக நாங்கள் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகமவில் அறை எடுத்து ஆறு வாரங்கள் தங்கினோம். இப்போது நான்காவது ஆண்டு. தம்பி மெதுவாகப் பேசுகிறான், மீண்டும் சைக்கிள் ஓடுகிறான். பல ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பக்கூடும் என்பதால் பரிசோதனைக்குத் தவறாமல் போகிறான்.

காலைத் தலையிடி, சத்தி, தள்ளாட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருகின்ற இளவயதினரை, ஒரு காலின் குதியும் மற்றக் காலின் விரல்நுனியும் தொட ஒரே கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லிப் பார்க்கும்படி எங்கள் குடும்ப வைத்தியர்களை வேண்டுகிறேன். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. வளர்ந்தோரிடம் காணப்படும் இந்நோய் குறித்து நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதுவித்து, அதே மருத்துவப் பக்கத்தில் வெளியிடுமாறு தங்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.