ஆய்வு வட்டத்தின் செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது பொருளியல், மேலாண்மை ஆய்வு வட்டம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

தேர்தலையொட்டி மத்திய அரசின் முழு பட்ஜெட் 2024 ஜூலையிலும், அடுத்த பட்ஜெட் 2025 பிப்ரவரியிலும் வந்தமையால், பட்ஜெட் கலந்துரையாடல் இவ்வாண்டு இருமுறை நடைபெற்றது. அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் ஆகியோருக்குப் பொருளியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர்களது ஆய்வுகள் பற்றி ஓர் உரை நிகழ்த்தப்பட்டது. நூலக அலமாரி பழுது பார்க்கப்பட்டது.

குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு குறித்து ஜனவரியில் நடந்த கூட்டம் பயனுள்ளதாக அமைந்தது. 2017–18 கணக்கெடுப்பைத் தரக்குறைவு எனக் காரணம் காட்டி அரசு வெளியிடாமல் விட்டதால், 2011–12க்குப் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக வறுமை பற்றிய விவாதம் பழைய எண்களை வைத்தே நடந்தது. 2022–23இல் ஒரே குடும்பத்தை மும்முறை சந்தித்துக் கேட்கும் புதிய முறை வந்துவிட்டதால், பழைய எண்களோடு புதியவற்றை அப்படியே ஒப்பிடவும் இயலாது. இடையில் ஒரு சுற்று விட்டுப்போனால் நேரும் இழப்பை அன்று அனைவரும் ஒருமனதாகக் கண்டித்தோம். அந்த ஒருமனம் சிறுதொழிற்கூடங்களில் நமது வட்டம் நடத்திய சொந்தக் கணக்கெடுப்பில் வெளிப்படவில்லை என்பதை இவ்விடத்தில் பதிவு செய்ய வேண்டியுள்ளது.

சிறுதொழிற்கூடங்களின் மேலாண்மை நடைமுறைகளைக் குறித்த அந்தக் கள ஆய்வைச் செயலாளரின் தனி ஆசை என்று சிலர் கூறுவதாக அறிகிறேன். சென்ற ஆண்டுப் பொதுக்குழு கைதட்டி ஏற்ற தீர்மானம் அது. நடவடிக்கைக் குறிப்பேடு என்னிடம் உள்ளது. அதன் தேவையையும் மீண்டும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் 1 முதல் குறுந்தொழிலின் முதலீட்டு வரம்பு 2.5 கோடி ரூபாய், விற்றுமுதல் வரம்பு 10 கோடி ரூபாய் என உயர்த்தப்பட்டுள்ளது. யாருக்குச் சலுகை என்பதை இவ்வரம்புகள் தீர்மானிக்கும். பட்டறைக்குள் இயந்திரம் ஏன் நின்றது என்பதை யாரேனும் எழுதி வைக்கிறார்களா என்று அவை கேட்பதில்லை. மும்பைப் பகுதியின் 17 நெசவு நிறுவனங்களில் பொருளியலாளர் நிக்கலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. சரக்கிருப்பு, தரக்குறை, பராமரிப்பு ஆகியவற்றை ஒழுங்காகப் பதிவு செய்யும் ஆலோசனையை இலவசமாகப் பெற்ற ஆலைகளில் முதலாண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்ததாக அது காட்டியது. ஆண்டுகள் கழித்து அதே ஆய்வாளர்கள் திரும்பிச் சென்றபோது, ஏற்கப்பட்ட நடைமுறைகளில் ஏறத்தாழப் பாதி கைவிடப்பட்டிருந்தன. ஆலை மேலாளர் மாறியதும், முதலாளிக்கு நேரமில்லாததும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

நமது வினாப்பட்டியலை நானே தமிழில் எழுதினேன். முதலில் எங்களை வரித்துறையினர் என்று எண்ணிப் பலர் பேச மறுத்தனர். பேசியவர்களிடம் கண்டது இது: ஜி.எஸ்.டி.க்காகத் தணிக்கையாளரிடம் கொடுக்கும் கணக்கு பிழையின்றி இருக்கிறது. உற்பத்தி பற்றிய கணக்கு முதலாளியின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர் ஊரில் இல்லாத நாளில் மூலப்பொருள் வாங்கும் முடிவைக்கூட எவரும் எடுப்பதில்லை. சில சங்கங்களிலும் நிலைமை இதுவே என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன்.

களப்பணிக்குப் பெயர் கொடுத்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் வரவில்லை. திருமணம், தேர்வுப் பணி, வெயில் என்று தெரிவிக்கப்பட்ட காரணங்கள் அனைத்தும் நியாயமானவையே. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் விடுமுறையில் தத்தம் கிராமங்களுக்குச் சென்று வீடுவீடாக விவரம் திரட்டினர்; அதனால்தான் இருவேல்பட்டு போன்ற ஊர்களைப் பின்னால் வந்தவர்கள் தலைமுறைதோறும் மீண்டும் ஆய்ந்து ஒப்பிட முடிந்தது. இருசக்கர வாகனம் உள்ள நம் உறுப்பினர்களால் தொழிற்பேட்டை வரை வர இயலாமற் போனது. வந்துதவிய மாணவர்கள் சிலருக்கு இன்னும் பயணப்படி வழங்கப்படவில்லை.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுச் சரியென ஏற்கப்பட்டுள்ளது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. வினாப்பட்டியல் அச்சுச் செலவே அதற்குக் காரணம் என்ற கருத்து தவறானது. சந்தா நிலுவைப் பட்டியலில் மூத்த உறுப்பினர்கள் பலரின் பெயர்கள் உள்ளன, மரியாதை கருதி இங்கு வாசிக்கவில்லை.

தலைவர், பொருளாளர், அரங்கம் தந்துதவிய நிர்வாகத்தினர், தேநீர் ஏற்பாட்டைக் கவனித்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் அதே தொழிற்கூடங்களுக்கு மீண்டும் செல்லாவிட்டால், இவ்வாண்டுத் தாள்களால் எந்த மாற்றத்தையும் அளக்க முடியாது. அப்பணியை ஏற்கும் ஆர்வமுள்ள எவருக்கும் செயலாளர் பொறுப்பை விட்டுத்தர நான் தயங்கமாட்டேன். இரண்டாம் சுற்று நடக்குமா என்பது இம்மாத இறுதிக்குள் வரும் சந்தாவைப் பொறுத்தது. கூட்டம் முடிந்து செல்வோரின் வசதிக்காகப் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாயிலருகே அமர்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்