ஆண்டறிக்கை: ஒன்றியப் பள்ளிகளும் நம் சங்கமும்

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், மரம் நட்டதும் விளையாட்டு விழா நடத்தியதும் உங்களுக்கே தெரியும். நான் பள்ளிக்கூட விஷயத்தை மட்டும் பேசுகிறேன்.

போன வருடம் நாம் செய்தது தப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் ஒரு பத்தியைக்கூடத் தடுமாறாமல் வாசிக்கவில்லை, சேர்க்கை குறைந்து ஒவ்வொன்றாக ஈராசிரியர் பள்ளியாகிறது என்ற ஆதங்கத்தில், ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மனு எழுதி நேரே வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்துவிட்டோம். அப்புறம் எந்தப் பள்ளியிலும் நமக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. அவர்கள் கோபம் நியாயம்.

இந்த வருடம் குறுவை நடவுக்கு முன்பே பள்ளி பள்ளியாகப் போய் உட்கார்ந்து கேட்டோம். ஒரு பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை. 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசின் அடிப்படைக் கற்றல் திட்டப்படி, பிள்ளைகளின் கற்றல் நிலைக்கேற்பத் தரையில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று வட்டம். டீச்சர் எமிஸில், அதாவது கல்வித்துறையின் இணையப் பதிவேட்டில், வருகைப் பதிவு ஏற்ற ஜன்னல் கம்பியோரம் போனை நீட்டி சிக்னல் தேடிக்கொண்டே, அரும்புப் பிள்ளைக்கு 'ழ' சொல்லிக் கொடுக்கிறார். "எண்ணும் எழுத்தும் நல்ல முறைதான் சார், நான் ஒருத்தி எத்தனை வட்டத்துல உட்கார முடியும்?" என்றார்.

அந்தக் கேள்விதான் நம் வேலையைத் திருப்பிப் போட்டது. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் நம் திருக்குவளையிலிருந்துதான் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. சமையல் மகளிர் குழுவிடம் போனது, டீச்சர் தலையில் விழவில்லை, அதனால் அவர்களே அதை நல்ல திட்டம் என்று மனசாரச் சொல்கிறார்கள். வாசிப்புக்கும் அதே வழிதான் என்று முடிவு செய்தோம். வாரம் 3 நாள் நம் ஆட்கள் மொட்டு வட்டத்தில் உட்கார்ந்தார்கள், நடவு சமயத்தில் வராத பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது பள்ளி மேலாண்மைக் குழுவின் பொறுப்பு. இந்த முறை அதை ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதினார்கள், நாம் கூட இருந்தோம், அவ்வளவுதான்.

ஒரு தலைமையாசிரியர் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அட்டைகளை வைத்துப் பிள்ளைகளே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்ததையும் போனதையும் பார்த்தவர். "மூணு வருஷம் விடாம வருவீங்களா?" என்று கேட்டார். வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். தை அறுவடை முடிந்ததும் அவர் பள்ளிக்குப் போகிறோம். மொட்டு வட்டத்துக்கு இன்னும் 2 பேர் வேண்டும், கூட்டம் கலைவதற்குள் என்னிடம் பெயர் கொடுங்கள்.