மார்கரீட்டா கோட்டைக்கு ஏன் போகிறோம்: ஆறாம் ஆண்டு பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

போன வாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஓர் அப்பா எழுந்து, "ஐயா, கோட்டைதான் பார்க்கணும்னா மலாக்காவிலேயே இருக்கே, பஸ்ஸில் போய்ட்டு சாயங்காலம் வந்துடலாமே, எதுக்கு விமானம் ஏறி சரவாக் வரைக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு நேரம் இல்லாமல் அரைகுறையாக ஏதோ சொல்லி உட்கார்ந்துவிட்டேன், வீட்டுக்குப் போன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாக்காவில் ஏ ஃபமோசா என்ற போர்த்துக்கீசியர் கோட்டையில் இன்றைக்கு நிற்பது ஒரு வாசல் மட்டும்தான். மீதியை 1807-இல் ஆங்கிலேயர்களே இடித்துவிட்டார்கள். போர்னியோ தீவிலிருக்கும் சரவாக் மாநிலத்தின் தலைநகர் கூச்சிங்கில் இருப்பது அப்படியில்லை. சரவாக் ஆற்றின் வடகரையில், ஒரு மேட்டின்மேல், செங்கல்லில் கட்டி வெள்ளை பூசிய மார்கரீட்டா கோட்டை முழுசாக நிற்கிறது. பார்த்தால் ஏதோ இங்கிலாந்துப் படக்கதையிலிருந்து தூக்கிக்கொண்டுவந்து வைத்ததுபோல இருக்கும். 1879-இல் கட்டியது. பெரிய கோட்டை என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள், ஒரு சுற்றுமதில், ஒரு முற்றம், மூன்று மாடிக் கோபுரம், அவ்வளவுதான். ஆனால் மேலே ஏறி ஆற்றைப் பார்த்தவுடனே அதை ஏன் அங்கே கட்டினார்கள் என்று யாரும் சொல்லாமலேயே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அந்தக் காலத்தில் கூச்சிங்குக்குச் சாலை கிடையாது. அரிசி, தாது, வியாபாரி, எதிரி என்று எது வந்தாலும் ஆற்று வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆற்றைக் கண்காணிப்பவன் கையில்தான் ஊர்.

இதைக் கட்டிய ராஜா யார் என்றால், பிள்ளைகள் முதலில் நம்பமாட்டார்கள், ஒரு வெள்ளைக்காரர். சார்ல்ஸ் புரூக். இங்கிலாந்து அரசாங்கம் அனுப்பிய ஆளுநர் இல்லை, தனக்கென்று கொடியும் தபால்தலையும் வைத்திருந்த ராஜா. இவருக்கு முன்னால் இவருடைய மாமா ஜேம்ஸ் புரூக் 1839-இல் தன் சொந்தக் கப்பலில் கூச்சிங் வந்தார். அப்போது புருணை சுல்தானின் ஆட்களுக்கு எதிராக உள்ளூரில் ஒரு கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது, அதை அடக்க உதவினார், அதற்குக் கூலியாக 1841 செப்டம்பர் 24 அன்று சரவாக்கின் ஆட்சியையே வாங்கிக்கொண்டார். ஜேம்ஸ், சார்ல்ஸ், அவர் மகன் வைனர் என்று மூன்று பேர், நூறு வருடத்துக்கும் மேலே. நம் பிள்ளைகள் செப்டம்பர் 16 மலேசியா தினம், பள்ளி விடுமுறை என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள், ஆனால் அன்றைக்கு நம்மோடு சேர்ந்த சரவாக்குக்கு இப்படி ஒரு தனிக்கதை இருப்பது தெரியாது. எனக்கே ஆசிரியர் பயிற்சிக்குப் போகும்வரை தெரியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கோட்டையின் தேவை 1857-இல் நன்றாகவே தெரிந்துவிட்டது. ஆற்றின் மேற்பகுதியில் பாவு என்ற இடத்தில் தங்கச் சுரங்கம் வைத்திருந்த சீனர்கள், வரி, கெடுபிடி எல்லாம் பொறுக்க முடியாமல், பிப்ரவரி மாதம் ஒரு ராத்திரி படகு படகாக ஆற்றில் இறங்கிவந்து கூச்சிங்கைத் தாக்கினார்கள். ராஜா ஜேம்ஸ் ஓடையில் குதித்து நீந்தித் தப்பினார். ராஜா நீந்தி ஓடினார் என்ற இடத்தில் நம் ஆறாம் ஆண்டுப் பையன்கள் கண்டிப்பாகச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், ஆனால் அதற்கடுத்து சார்ல்ஸ் இபான் என்ற சரவாக் பழங்குடி வீரர்களைத் திரட்டிக்கொண்டு வந்து திருப்பி அடித்ததையும், தோற்ற பக்கம் குடும்பம் குடும்பமாகச் செத்ததையும் சேர்த்தே ஆசிரியர்கள் சொல்லப் போகிறார்கள்.

அப்புறம் சார்ல்ஸ் ராஜாவானார், அவர் மனைவி மார்கரெட்டின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார். இந்தக் குடும்பத்துக்குக் கோட்டைக்கெல்லாம் பெண்கள் பெயர் வைப்பது ஒரு பழக்கம்போல. சிமாங்காங்கில், அதாவது இடையில் ஸ்ரீ அமான் என்று அழைக்கப்பட்ட ஊரில், 1864-இல் பெலியான் என்ற இரும்புபோன்ற உறுதியான மரத்தில் கட்டிய ஆலிஸ் கோட்டை, காப்பிட்டில் ரஜாங் ஆற்றங்கரையில் சில்வியா கோட்டை. இரண்டும் இப்போது அருங்காட்சியகங்கள்தான். ஆலிஸ் கோட்டையில் ராத்திரி எட்டு மணியானால் காவலாளி "ஓ ஹா" என்று கூவி, ஏணியைத் தூக்கியாச்சு, கதவைச் சாத்தியாச்சு, மேல்ஆற்றுக்காரர்களும் கீழ்ஆற்றுக்காரர்களும் இனிமேல் இங்கே வரக்கூடாது என்று அறிவிப்பானாம். மார்கரீட்டாவிலும் காவலாளிகள் இரவு எட்டிலிருந்து விடிகாலை ஐந்துவரை மணிக்கொரு தரம் ஊர் நலம் என்று குரல் கொடுத்திருக்கிறார்கள். இந்த 'ஓ ஹா'வைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவந்து உங்கள் வீட்டிலும் கத்தினால் என்னைத் திட்டாதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு யோசித்துக் கட்டிய கோட்டை எந்த முற்றுகையையும் பார்க்கவே இல்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் வானத்திலிருந்து குண்டு போட்டார்கள், ஆற்றைப் பார்த்து வைத்த பீரங்கி அதற்கு என்ன செய்யும். 1946-இல் வைனர் சரவாக்கை பிரிட்டிஷ் முடியாட்சிக்கு ஒப்படைத்துவிட்டுப் போனார், உள்ளூர் மக்களில் பலர் அதை எதிர்த்துப் போராடினார்கள். 1971-இல் கோட்டை போலீஸ் அருங்காட்சியகமானது. 2016 செப்டம்பர் 24-ஆம் தேதி, ஜேம்ஸ் ராஜாவான 175-ஆவது ஆண்டு நாளில், புரூக் காட்சியகமாக மறுபடி திறந்தார்கள்.

சரி, இப்போது அந்த அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கோட்டைக்குள் பிள்ளைகள் பார்க்கப்போவது பெரும்பாலும் ராஜா குடும்பத்தின் கதை. அவர்கள் படங்கள், கடிதங்கள், பொருட்கள். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதோடு திரும்பி வந்தால் எனக்குத் திருப்தி இல்லை. வானம் தெளிவாக இருந்தால் கூச்சிங்கிலிருந்து மேற்கே செராப்பி மலை தெரியும். அந்தப் பக்கம், மத்தாங்கில், இதே சார்ல்ஸ் புரூக் தேயிலை, காப்பித் தோட்டங்கள் போட்டார், வேலைக்குத் தமிழர்களைக் கப்பலில் கொண்டுவந்தார். நம் தாத்தா பாட்டிகள் தீபகற்பத்தில் ரப்பர் வெட்டிய கதை உங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கும், ஆனால் போர்னியோவில் ஒரு மலைமேல் நம் ஆட்கள் காப்பி பறித்தார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தோட்டம் 1912-இல் மூடப்பட்டது, சிலர் ஊருக்குத் திரும்பினார்கள், சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் மலையில் கட்டிய மாரியம்மன் கோயிலைக் காடு மூடி, பல வருடம் கழித்து மறுபடி கண்டுபிடித்து, இன்றைக்கும் ஜனங்கள் அங்கே ஏறிப்போய்க் கும்பிடுகிறார்கள்.

கோயில்வரை பிள்ளைகளைக் கூட்டிப்போக மாட்டோம், ஏற்றம் அதிகம், மழை வந்தால் வழுக்கும், அந்தப் பொறுப்பை நான் எடுக்கத் தயாரில்லை. கீழே நின்று மலையைப் பார்த்துவிட்டு வருவோம். மதியம் இந்தியத் தெருவில் நடப்போம், அங்கே ஓர் ஒடுங்கிய சந்துக்குள் நுழைந்தால் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது, இங்கே ஒரு பள்ளிவாசலா என்று பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள்.

ராஜா நல்லவரா கெட்டவரா என்று பிள்ளைகள் கேட்டால் தயவுசெய்து வீட்டில் ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். ரெந்தாப் என்ற இபான் தலைவர் அந்த ராஜாக்களின் கண்ணுக்குக் கலகக்காரர், இன்றைய பாடநூலில் அவர் வீரர். இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதச் சொல்லியிருக்கிறோம், அதுதான் பயணக் கட்டுரை. கூகுளில் எடுத்து ஒட்டியது என்றால் எனக்குத் தெரிந்துவிடும், இருபத்தைந்து வருட அனுபவம்.

போவதற்கு முன்னால் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. தாத்தா பாட்டியிடமோ, அவர்கள் இல்லையென்றால் குடும்பத்தில் மூத்த யாரிடமோ, நம் குடும்பம் முதலில் எந்தத் தோட்டத்துக்கு வந்தது, என்ன வேலை செய்தது என்று கேட்டு அரைப் பக்கம் எழுதி வர வேண்டும். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதலாம், கற்பனை வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. சரவாக்கில் நுழையும்போது குடிநுழைவுச் சோதனை உண்டு, அதனால் பிள்ளையின் மைகிட் என்ற அடையாள அட்டையும் பிறப்புப் பத்திர நகலும் கட்டாயம். செருப்பு வேண்டாம், மூடிய காலணி போதும், ஒரு மழைச்சட்டை. பணம் கொஞ்சமாகக் கொடுங்கள், லாப்பிஸ் என்ற அடுக்குக் கேக் கடையைப் பார்த்ததும் எல்லாம் காலியாகிவிடும். சைவம் சாப்பிடும் பிள்ளைகள் பெயரை வகுப்பாசிரியரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறோர் ஊருக்குப் போனபோது இதைச் சரியாகக் கேட்டு வைக்காமல் நான்கு பிள்ளைகள் ரொட்டியும் வாழைப்பழமும் தின்று படுத்தது என் தவறுதான்.

கோட்டைப் பக்கம் ஆற்றைப் படகிலும் கடக்கலாம், தாருல் ஹானா பாலத்தில் நடந்தும் போகலாம். படகில் போக வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை, உயிர்காப்புச் சட்டை எல்லாருக்கும் இருந்தால் மட்டும்தான் படகு, ஒன்று குறைந்தாலும் பாலம்தான். உங்கள் பிள்ளைக்குத் தண்ணீர் பயம் இருந்தால் ஒப்புதல் பாரத்தின் பின்பக்கம் எழுதுங்கள், பாலத்தில் நடக்கும் குழுவோடு நான் வருவேன், எனக்கும் படகு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது.

பாரம் வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வர வேண்டும். பணம் தவணையாகக் கட்ட நினைப்பவர்கள் வாட்சப் குழுவில் போட வேண்டாம், அலுவலகத்துக்கு நேரில் வந்து என்னிடம் சொன்னால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்